தங்கவயலின் ஆழமும் தென்துருவப் பனியும்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூரைக் கொட்டகையில், ஒரே ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தில், பதினோரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இக்கழகத்தின் மாலை வகுப்பு தொடங்கிற்று. நடவுக்கும் அறுப்புக்கும் சென்று திரும்பிய தாய்மார்கள், தம் கூலியிலிருந்து பிடியரிசி எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்த காசில்தான் முதல் கரும்பலகை வாங்கப்பட்டது. அந்தக் கரும்பலகை இன்றும் கழக அறையில் இருக்கின்றது. அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் நமக்குத் தேவையில்லை.

இன்று அறிவியல் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் மாலை வகுப்பில் அண்டக் கதிர்களைப் பற்றியும், தென்துருவத்தின் பனிக்குள் வானொலி ஆன்டெனாக்களைப் புதைத்து அவற்றைக் கண்டறிவது பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, வெள்ளைக்காரர்கள் பனிக்கட்டியில் எதையோ தேடுகிறார்கள். கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு அதனால் என்ன?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இன்றைய உரை முழுவதும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய விடையே ஆகும்.

விண்ணிலிருந்து வரும் துகள்

உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒவ்வொரு நொடியும் ஒரு நுண்துகள் அதை ஊடுருவிச் செல்கின்றது. அதன் பெயர் மியூவான். வலி இல்லை, ஒலி இல்லை, அரசன் கை, ஆண்டி கை என்ற வேறுபாடும் அதற்கு இல்லை. அது எங்கிருந்து வருகின்றது?

ஆஸ்திரிய நாட்டு அறிஞர் விக்டர் ஹெஸ் 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஒரு பலூனில் ஏறி, ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரம் வரை சென்றார். காற்றை மின்னேற்றம் கொள்ளச் செய்யும் ஏதோ ஒரு கதிர்வீச்சு தரையிலிருந்துதான் வருகின்றது என்று பலர் அந்நாளில் கருதியிருந்தனர். அப்படியாயின் மேலே செல்லச் செல்ல அது குறைய வேண்டும் அல்லவா? ஹெஸ் கண்டது அதற்கு நேர்மாறு. மேலே செல்லச் செல்ல அது மிகுந்தது. ஆகவே அது விண்ணிலிருந்தே வருகின்றது என்று அவர் முடிவு கட்டினார். இக்கண்டுபிடிப்புக்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அண்டக் கதிர்கள் என்று பெயர் பெற்றாலும் இவை பெரும்பாலும் துகள்களே. நீரகத்தின் கருவாகிய புரோட்டானும், அதனினும் கனமான அணுக்கருக்களும் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் வருகின்றன. அவற்றுள் சில கொண்டுவரும் ஆற்றல் வியப்புக்குரியது. 1991இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒரு துகளின் ஆற்றல், மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலுக்கு நிகரானது. கண்ணுக்கே தெரியாத ஓர் அணுக்கருவுக்குள் அவ்வளவு ஆற்றல்! அதை முடுக்கிவிட்ட இடம் வானத்தில் எது என்பது இன்னும் தீராத வினா.

கல்லணை காட்டும் கணக்கு

இத்தகைய துகள் ஒன்று காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தால் என்ன நிகழும் என்பதை நம் மண்ணில் பிறந்தவர்க்கு விளக்குவது எளிது. கல்லணையை எண்ணிப் பாருங்கள். வரும் நீர் அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரிகின்றது. வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு வந்து பாமணியாறாகவும் கோரையாறாகவும் கிளை விடுகின்றது. காவிரியிலிருந்து குடமுருட்டியும் அரசலாறும் பிரிகின்றன. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். பிரியப் பிரிய எண்ணிக்கை பெருகும். ஒவ்வொன்றிலும் ஓடும் நீர் குறையும். இறுதியில் நீர் மண்ணில் சுவறிவிடும்.

அண்டக் கதிரின் கதையும் இதுவே. முதல் துகள் காற்றிலுள்ள ஓர் அணுக்கருவில் மோதிப் பல துகள்களாகச் சிதறுகின்றது. அவை மேலும் மோதுகின்றன. இடையில் தோன்றும் காமாக் கதிர், ஓர் எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானையும் பிறப்பிக்கின்றது. அவை மீண்டும் காமாக் கதிர்களை உமிழ்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பல இலட்சமாகவும் கோடியாகவும் பெருகி, ஆற்றல் சிறுத்த பின் தேய்ந்து அடங்குகின்றன. இதற்குக் காற்றுப் பொழிவு என்று பெயர். இப்பெருக்கத்தின் கணக்கை 1937இல் வகுத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டு அறிஞர் ஹோமி பாபா. அவருடன் இருந்தவர் வால்டர் ஹைட்லர். அடுத்த ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பியர் ஓஷே, பல மீட்டர் தொலைவில் தனித்தனியே வைத்த கருவிகள் ஒரே கணத்தில் துடிப்பதைக் கண்டு, இப்பொழிவுகள் பரந்த நிலப்பரப்பில் விழுவதை மெய்ப்பித்தார்.

ஆற்றல் குறைந்த துகளின் பொழிவு வானிலேயே சுவறிவிடும். ஆற்றல் மிகுந்ததன் பொழிவே தரையாகிய கடைமடை வரை வந்து சேரும். கடைமடையில் ஒவ்வொரு வயலிலும் நின்ற நீரை அளந்து கூட்டினால் தலைமதகில் எவ்வளவு நீர் திறந்தார்கள் என்று மதிப்பிட முடியுமல்லவா? அதே முறையில்தான் அறிவியலார் தரையில் பல கருவிகளை இடைவெளிவிட்டுப் பரப்பி, விழுந்த துகள்களை எண்ணி, மேலே வந்த முதல் துகளின் ஆற்றலை மதிப்பிடுகின்றனர். எந்தக் கருவி முந்தித் துடித்தது, எது பிந்தித் துடித்தது என்பதைக் கொண்டு அது வந்த திசையையும் அறிகின்றனர்.

இக்கணக்கு கடைமடைக்காரனுக்குப் புதியதன்று. மேட்டூரில் திறந்த நீர் எத்தனை நாளில் எந்த மடைக்கு வரும் என்பதை நம் முன்னோர் ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தனர். அவர்களை யாரும் கணித வல்லுநர் என்று அழைக்கவில்லை.

தங்கவயலில் நடந்தது

அன்பர்களே! இங்கேதான் நம் வரலாறு இந்த அறிவியலுக்குள் நுழைகின்றது.

நம் சோழநாட்டு உழைப்பாளர்கள் பண்ணைக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் ஆற்றாது நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குச் சென்றார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றார்கள். வடாற்காடு, சேலம் பகுதிகளிலிருந்த நம் உறவினர் வேறொரு திசையில் சென்றார்கள். 1880 முதல் ஆங்கிலேயக் கம்பெனியார் மைசூர் நாட்டின் கோலார் தங்கவயலைத் தோண்டத் தொடங்கியபோது, பாறைக்குள் இறங்கியவர்களில் மிகப் பலர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்களே. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வெடி வைத்தார்கள், கல் சுமந்தார்கள், பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் மாண்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை அவர்கள் சென்றார்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அது.

அச்சுரங்கத்தை இயக்கிய மின்சாரமும் நம் காவிரியிலிருந்தே சென்றது. 1902இல் சிவசமுத்திரம் அருவியில் காவிரி நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தங்கவயலுக்குக் கம்பி வழியே அனுப்பினார்கள். நம் வயலுக்கு வருமுன் அந்த நீர் நம் உறவினரைப் பாதாளத்தில் இறக்கி ஏற்றிற்று.

அந்தத் தொழிலாளர் குடியிருப்புகள் வெறும் கூலிக் குடியிருப்புகளாக இருந்துவிடவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ், பின்னர் 'தமிழன்' என்னும் பெயரில் தங்கவயல் தொழிலாளரிடையே ஊன்றிப் படிக்கப்பட்டது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கிற்று. பண்டிதர் மறைந்த பின்னர், ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீப் என்னும் இடத்திலிருந்த சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் நூல் படித்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கங்களே சான்று. சாம்பியன் ரீப் என்ற அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோமி பாபா 1945இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார், 1950களின் தொடக்கத்தில் இச்சுரங்கங்களுக்கு வந்தார்கள். முதலில் வந்தவர்களுள் பி.வி. ஸ்ரீகண்டன் குறிப்பிடத்தக்கவர். அண்டக் கதிர்களை அறிய ஹெஸ் மேலே ஏறினார். இவர்கள் ஏன் கீழே இறங்கினார்கள்? பாறை ஒரு சல்லடை. ஆழத்துக்குச் செல்லச் செல்ல, மற்றத் துகள்கள் எல்லாம் நின்றுவிட, ஆற்றல் மிகுந்த மியூவான்கள் மட்டுமே வரும். மிக ஆழமான ஒரு நிலையில் கருவிகளை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான் கூடப் பதிவாகவில்லை.

ஒன்றும் பதிவாகவில்லை என்பது தோல்வி போலத் தோன்றும். அதுவே பெரிய வாய்ப்பாயிற்று. நியூட்ரினோ என்றொரு துகள் உண்டு. அது பூமியையே ஊடுருவிச் செல்லும். மிக மிக அரிதாகவே எதனோடும் மோதும். காற்றுப் பொழிவுகளிலும் அது தோன்றுகின்றது. மேலிருந்து வரும் மியூவான்களின் ஆரவாரம் முற்றிலும் அடங்கிய இடத்தில்தான் அந்த அரிய மோதலைக் கேட்க முடியும். தங்கவயலின் ஆழம் அத்தகைய அமைதியான இடம்.

அவ்வாறே 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் தோன்றிய நியூட்ரினோவின் தடம் முதன்முதலாகப் பதிவாகி வெளியிடப்பட்டது. டாட்டா நிலையத்தாருடன் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அதில் பங்கு கொண்டனர். எம்.ஜி.கே. மேனன், வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமண மூர்த்தி, மியாகே, வுல்ஃபென்டேல் ஆகியோர் பெயர்கள் அறிவியல் வரலாற்றில் நிலைத்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்க அறிஞர் ரைன்ஸ் குழுவினரும் நியூட்ரினோவைக் கண்டனர். அங்கே பாறையைக் குடைந்தவர்கள் நிறவெறிச் சட்டத்தால் நசுக்கப்பட்ட கறுப்பின மக்கள். இங்கே குடைந்தவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

நான் யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அறிவியலார் இடர் மிகுந்த இடத்தில் இறங்கி உழைத்தவர்கள். நம் வணக்கத்துக்கு உரியவர்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது உண்மைக்கு மாறாகும். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பின் கீழே உள்ள பெயர்களுள், அந்த 2.3 கிலோமீட்டரைத் தோண்டியவர் ஒருவர் பெயரும் இல்லை. தோண்டியது ஒரு கூட்டம். அளந்தது மற்றொரு கூட்டம். உழைப்பில் பங்கு உண்டு, அறிவில் பங்கு இல்லை என்னும் பழைய பாகப்பிரிவினை பாதாளத்திலும் நீடித்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையையும் இழந்து நின்றவர்கள் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகளே.

உதகை மலையில்

தமிழகத்திலேயே இன்றும் நடைபெறும் ஓர் ஆய்வைச் சொல்லுகிறேன். உதகமண்டலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்னும் காற்றுப் பொழிவு ஆய்வுக்கூடத்தை டாட்டா நிலையத்தார் ஜப்பானியருடன் சேர்ந்து அமைத்துள்ளனர். துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் பலகைகள் கொண்ட ஏறத்தாழ 400 கருவிகள், எட்டு மீட்டர் இடைவெளியில், 25,000 சதுர மீட்டரில் நாற்று நட்டாற்போல வரிசையாக நிற்கின்றன. மியூவான்களை மட்டும் பிரித்தெடுக்க, ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிமனான கான்கிரீட்டின் கீழ், ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கியிருக்கின்றனர்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அம்மலையின் மேல் ஒரு இடிமேகம் நின்றது. அதைக் கடந்து வந்த மியூவான்களின் எண்ணிக்கை சற்றே குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டனர். விமானமோ பலூனோ அனுப்பாமல், விண்ணிலிருந்து வந்த துகளையே அளவுகோலாகக் கொண்டு ஓர் இடிமேகத்தை அளந்தார்கள். ஆண்டுதோறும் வயல்வெளியில் மின்னல் தாக்கி நம்மவர் மாள்வதைக் காணும் நமக்கு, இடிமேகத்தின் உள்ளியல்பை அறிவது அயலார் செய்தி ஆகாது.

பனிக்குள் புதைத்த ஆன்டெனா

இனித் தென்துருவத்துக்குச் செல்வோம். ஆற்றல் மிக மிகுந்த அண்டக் கதிர்கள் மிக அரியவை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் நூறு ஆண்டுகளுக்கு ஒன்று விழுந்தால் அதுவே மிகுதி. ஆகவே கருவிகளைப் பரப்பும் நிலமும் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அர்ஜென்டினாவில் ஓஷேயின் பெயரால் அமைந்த ஆய்வுக்களம் 3,000 சதுர கிலோமீட்டர். நம் தஞ்சை மாவட்டத்தைவிடச் சற்றே சிறிய அப்பரப்பில், ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில், 12,000 லிட்டர் நீர் நிரம்பிய தொட்டிகள் 1,600க்கு மேல் நிற்கின்றன. நியூட்ரினோவைப் பிடிக்கவோ, பரப்பு மட்டும் போதாது. கன கிலோமீட்டர் கணக்கில் பருப்பொருள் வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டியை யாரால் கட்ட முடியும்? இயற்கையே கட்டிவைத்த தொட்டிதான் துருவப் பனி.

2010 டிசம்பரில் கட்டி முடிக்கப்பட்ட ஐஸ்கியூப் என்னும் ஆய்வுக்கூடம், தென்துருவப் பனியில் ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோமீட்டர் வரையான ஆழத்தில் 5,160 ஒளியுணர் கருவிகளைத் தொங்கவிட்டுள்ளது. ஆனால் பனிக்குள் ஒளி நூறு, இருநூறு மீட்டருக்குள் மங்கிவிடும். ஆகவே கருவிகளை நெருக்கமாக நட வேண்டும், செலவு மிகும். வானொலி அலையோ குளிர்ந்த பனிக்குள் ஒரு கிலோமீட்டர் அளவுக்குச் செல்ல வல்லது. ஒளியைக் காண்பதை விட்டு வானொலி அலையைக் கேட்டால், சில ஆன்டெனாக்களைக் கொண்டே பெரும்பரப்பைக் காவல் காக்கலாம்.

பொழிவு வானொலி அலையை ஏன் எழுப்புகின்றது? 1962இல் சோவியத் நாட்டு அறிஞர் குர்கென் அஸ்கார்யன் இதற்கு விடை கண்டார். பொழிவில் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாகவே பிறக்கின்றன. இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தால் எதிர்மின்னும் நேர்மின்னும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் பாசிட்ரான்கள் வழியிலுள்ள எலெக்ட்ரான்களோடு சேர்ந்து அழிகின்றன. பொழிவோ வழியிலுள்ள அணுக்களிலிருந்து புதிய எலெக்ட்ரான்களைத் தட்டிக் கூட்டிக்கொண்டு ஓடுகின்றது. எனவே எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்துவிடுகின்றன. அந்த மிகுதி, பனிக்குள் ஒளி செல்லும் வேகத்தை விஞ்சி ஓடுகையில் ஓர் அதிர்வலையை எழுப்புகின்றது.

இங்கே நான் மிகவும் நேசிக்கும் ஓர் உண்மை இருக்கின்றது. ஓடும் எலெக்ட்ரான் கூட்டத்தின் அளவு சில அங்குலம்; வானொலி அலையின் நீளம் அதனினும் பெரிது. எனவே அந்த அலைக்கு, கூட்டம் முழுவதும் ஒரே பொருளாகத் தோன்றுகின்றது. பத்து எலெக்ட்ரான்கள் தனித்தனியே அலை எழுப்பினால் கிடைப்பது பத்து மடங்கு ஆற்றல். ஒன்றுபட்டு எழுப்பினால் நூறு மடங்கு. நூறு ஒன்றுபட்டால் பதினாயிரம் மடங்கு. தனியாக நின்று கூலி கேட்டவனுக்கும், ஊரே ஒன்றுகூடிக் கேட்டபோது கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கீழத்தஞ்சை மண்ணுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1968இல் வெண்மணியில் நாம் கொடுத்த விலையும் நம் நெஞ்சை விட்டு நீங்காது.

ஆன்டெனாக்களும் அவ்வாறே ஒன்றுபட்டு உழைக்க வேண்டும். ஒற்றை ஆன்டெனாவுக்கு எட்டும் ஒலி, இரைச்சலில் மூழ்கிப்போகும். பல ஆன்டெனாக்களின் பதிவுகளை, அலை வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைச் சரிசெய்து கூட்டினால், மெய்யான ஒலி வளரும். இரைச்சல் அந்த அளவுக்கு வளராது. நேர வேறுபாடு என்பது நொடியின் நூறு கோடியில் சில பங்கு. வானத்து வானொலி அலைகளை ஆராய 1970 முதல் உதகையை அடுத்த முத்தோரையில் இயங்கும் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியிலும், 1,056 சிறு ஆன்டெனாக்களின் பதிவுகளை இவ்வாறே கூட்டுகின்றனர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டார் தாமே வடிவமைத்துக் கட்டிய கருவி அது.

காற்றில் தோன்றும் பொழிவுகளின் வானொலித் துடிப்பை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க்கில் 1965இலேயே கண்டுவிட்டனர். தங்கவயலில் நியூட்ரினோ பதிவான அதே ஆண்டு! ஆனால் காற்றில் அத்துடிப்பை எழுப்புவதில் பெரும்பங்கு பூமியின் காந்தப் புலத்துக்கு உரியது. அது எலெக்ட்ரானை ஒரு பக்கமும் பாசிட்ரானை மறுபக்கமும் விலக்குகின்றது. பனிக்குள் எழுவதோ அஸ்கார்யன் கூறிய மிகுதியால் எழுவது. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பொழிவுகளைக் கொண்டு மணலிலும் பின்னர்ப் பனிக்கட்டியிலும் மெய்ப்பித்தார்கள். ஆயினும் இயற்கையாக வந்த அண்டக் கதிர், இயற்கையான பனிக்குள் எழுப்பிய ஒலியைக் கேட்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தென்துருவத்தில் ஆரா என்னும் ஆய்வுக்குழு, கொதிநீரால் பனியைத் துளைத்து இருநூறு மீட்டர் வரை ஆன்டெனாக்களை இறக்கி, ஐந்து நிலையங்களை அமைத்தது. தென்துருவத் தளம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பொழிவு முற்றும் தேயுமுன்னரே அதன் அடர்ந்த நடுப்பகுதி பனியில் மோதி, சில மீட்டருக்குள் தன் ஆற்றலைக் கொட்டிவிடுகின்றது. 2019இல் ஒரு நிலையம் பதிவு செய்த 208 நாள் பதிவுகளைத் துருவி ஆராய்ந்து, அத்தகைய 13 துடிப்புகளைக் கண்டதாக 2025இல் அக்குழுவினர் வெளியிட்டனர். இவை தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு முப்பது இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

208 நாள், பதின்மூன்று துடிப்பு. அவர்கள் தேடும் நியூட்ரினோவின் ஒலி இன்னும் கிட்டவில்லை. இந்தப் பதின்மூன்றும் அதற்கு ஒத்திகை. நியூட்ரினோ வரும்போது எப்படி ஒலிக்கும், எதை நியூட்ரினோ என்று மயங்கிவிடக் கூடாது என்பதை இவையே கற்பிக்கும். மேலிருந்து வந்து பனியின் மேற்பரப்பில் மோதுவது அண்டக் கதிர். ஆழத்தில் தானாகத் தொடங்குவது நியூட்ரினோ. கிரீன்லாந்தின் பனியிலும் 2021 முதல் இத்தகைய நிலையங்களை நட்டு வருகின்றனர்.

நமக்கு இதனால் என்ன?

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். முதல் விடை, பயன் பற்றியது. அண்டக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் ஒருவகைக் கரியை உண்டாக்குகின்றன. அது கார்பன்-14. நம் வயலில் நிற்கும் ஒவ்வொரு நெற்பயிரும் அதைக் காற்றோடு உட்கொள்கின்றது. பயிர் மடிந்த பின் அக்கரி 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்கின்றது. அத்தேய்வை அளந்துதான், சிவகளையின் முதுமக்கள் தாழியிலிருந்த நெல் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். நெல்லின் வயதையே விண்கதிர் சொல்லுகின்றது. நெல்லை விளைவித்தவரின் பழமையையும் அதுவே சொல்லுகின்றது. எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மறைந்திருந்த வெற்றிடத்தை 2017இல் மியூவான்களைக் கொண்டே கண்டார்கள்.

இரண்டாவது விடை, உரிமை பற்றியது. அதற்கு என் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். நான் பள்ளியிறுதித் தேர்வில் தேறியபோது, என் தந்தையார் பண்ணை வேலைக்குப் போகும் முன் என்னை அழைத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் யோசனை கேட்கச் சென்றார். அவர் படித்தவர்; நல்லவர் என்றும் பெயர் எடுத்தவர். பெயர் வேண்டாம். திண்ணைக்குக் கீழே நின்ற எங்களிடம், "கணக்கும் பௌதிகமும் உங்கள் பிள்ளைகளுக்கு ஏறாது, வேறு ஏதாவது எளிதாகப் படிக்கச் சொல்" என்றார். என் தந்தையார் மறுத்துப் பேசவில்லை. திரும்பும் வழியில் வரப்பில் நின்று, "மதகுத் திறப்பு எத்தனை விரற்கடை என்றால் எத்தனை மா பாயும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நீ கணக்கையே படி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லே என்னை முப்பது ஆண்டுகள் இயற்பியல் வகுப்பில் நிற்கவைத்தது.

இன்று திண்ணைக்குக் கீழே நிற்கச் சொல்பவர் குறைந்திருக்கலாம். ஆனால் "உங்களுக்கு ஏறாது" என்ற சொல் இன்னும் சாகவில்லை. பிறர் சொல்வது போய், நம் பிள்ளைகளே தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது ஊறிப்போய்விட்டது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளில் எத்தனைபேர் கணிதமும் இயற்பியலும் கொண்ட பிரிவை அஞ்சி விலக்குகின்றனர் என்பதை மாலை வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த அச்சத்தைப் போக்குவதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதற்கடமை என்பது என் கருத்து.

ஆகவே கழகத்தாருக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுக்கும் பிள்ளைகளுக்குத் தனி மாலை வகுப்பு நடத்த வேண்டும். நான் உயிரோடு இருக்கும்வரை ஊதியமின்றிக் கற்பிப்பேன். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை உதகை ஆய்வுக்கூடத்துக்கு, முறைப்படி அனுமதி பெற்று, அழைத்துச் செல்ல வேண்டும். அறிவியல் என்பது மனிதர்கள் கையால் செய்வது என்று அவர்கள் கண்ணால் காண வேண்டும். மூன்று, பட்டப் படிப்புக்குப் பின்னரும் ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்பும் பெண்பிள்ளைகளைத் திருமணம் என்ற ஒன்றைச் சொல்லி நிறுத்தாதீர்கள். டாட்டா நிலையத்தில் 1949இல் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் பிபா சௌத்ரி அண்டக் கதிர்களையே ஆராய்ந்தார். தங்கவயல் ஆய்விலும் பங்கு கொண்டார். அக்காலத்தில் அது முடிந்ததென்றால் இன்று ஏன் முடியாது?

அம்மா, நீ கேட்டாய் அல்லவா, நமக்கு இதனால் என்னவென்று? இந்த அறிவியலின் அடித்தளத்தில் நம் உழைப்பு ஏற்கெனவே புதைந்திருக்கின்றது. 2.3 கிலோமீட்டர் ஆழத்துக்கு வழி அமைத்தவர்கள் நம்மவர்கள். வழி அமைத்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது எந்த நியாயம்? தென்துருவத்தின் பனியில் நியூட்ரினோவின் முதல் ஒலியைக் கேட்கும் குழுவில் நம் சேரியில் பிறந்த ஒருத்தியின் பெயரும் இருக்க வேண்டும். அது நீயாகவும் இருக்கலாம். நாளைக்கு ஆறு மணிக்கு வகுப்பு. கணக்குப் புத்தகத்தோடு வந்து சேர்.